பிளக் குழிக்குள் போல்ட் விழுந்துவிட்டால்

பெட்ரோல் காரில், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றும்போது கை நழுவினால், அந்தச் சின்ன போல்ட் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் குழியில்தான் போய் விழும். 'டிங்' என்று சத்தம் கேட்டதும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிளக் இன்னும் முறுக்கியபடியே இருந்தால் பெரிய கவலை இல்லை. பெட்ரோல் எரியும் அறையான சிலிண்டருக்கு அதுதான் மூடி. பலர் சொதப்புவது இங்கேதான். பிளக்கோடு சேர்ந்து போல்ட்டும் வந்துவிடும் என்று நினைத்து சாக்கெட்டைப் போட்டுத் திருப்புவார்கள். பிளக் மேலே வரும், போல்ட் கீழே போகும். போல்ட் வெளியே வரும்வரை பிளக்கைக் கால் சுற்றுகூடத் தளர்த்தாதீர்கள்.

இரும்புப் பொருள் என்றால், இழுத்தால் ஏரியல் மாதிரி நீளும் காந்தக் குச்சி போதும். உள்ளே விடும் முன் அதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மலிவான குச்சிகளில் காந்தமே கழன்று உள்ளே தங்கிவிடும். பிளக் குழியில் இரும்புக் குழாய் பதித்த இன்ஜின்களில் காந்தம் பக்கவாட்டில் ஒட்டி ஒட்டி எரிச்சலூட்டும். குச்சியின் மேல் பிளாஸ்டிக் டியூப் ஒன்றைச் செருகி, நுனி மட்டும் தெரியும்படி விட்டால் நேராக இறங்கும்.

பித்தளை, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக், உடைந்த பிளக் பீங்கான் எதுவும் காந்தத்துக்கு மசியாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான். மூங்கில் குச்சியின் நுனியில் கெட்டியான கிரீஸைப் பட்டாணி அளவு அப்பி, பொருளின் மேல் அழுத்தி மெதுவாகத் தூக்குங்கள்.

பிளக் ஏற்கெனவே கழன்றிருந்தால், உள்ளே போயிருக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். 6 மி.மீ. நட்டுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர். மூலைக்கு மூலை சுமார் 11.5 மி.மீ. பிளக் 14 மி.மீ. மரை என்றால் அந்த நட் தாராளமாக உள்ளே போகும். 12 மி.மீ. மரையின் உள்துளை பத்தரை மி.மீ. சொச்சம்தான், அங்கே சிக்கி நிற்கும். அதே மாதிரி இன்னொரு நட்டை, பழைய பிளக்கின் மரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிலிண்டருக்குள்தான் போயிருக்கிறது என்றால், போனில் இணைக்கும் ஒயர் கேமரா ஒன்று வேண்டும். 5.5 மி.மீ. தலை உள்ளது தாராளமாக நுழையும். பொருள், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் மேலே கிடக்கிறதா, காற்றும் புகையும் போய்வரும் வால்வு ஓரம் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் என்ன ஆகும்? பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டரின் கூரையான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி. நட்டின் உயரமோ 5 மி.மீ. பிஸ்டன் தலை குழிவிழும், வால்வு வளையும், பிளக்கின் முனை நசுங்கும்.

கம்ப்ரஸர் காற்றை சிலிண்டருக்குள் அடிக்காதீர்கள். திறந்திருக்கும் வால்வு வழியாகப் பொருள், காற்றும் புகையும் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் போய்விடலாம். காந்தமும் கிரீஸும் கைகொடுக்காவிட்டால் வாக்குவம் கிளீனர். மீன் தொட்டி டியூபை அதன் வாயில் டேப் சுற்றி இணைத்து, நடுவில் மெல்லிய துணி வைத்தால் பொருள் அதில் சிக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் வாக்குவத்தைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அதன் மோட்டார் பொறியே போதும், பற்றிக்கொள்ள.

ஆயில் ஊற்றும் வாய் வழியாக விழுந்தால் கதை வேறு. அங்கேயும் இன்ஜினைச் சுற்றக் கூடாது. பல இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் அந்த வாய்க்கு அடியிலேயே ஓடும். காந்தத்தில் வராவிட்டால் இன்ஜினின் மேல் மூடியான ஹெட் கவரைக் கழற்றுங்கள். அங்கும் இல்லையென்றால் இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

எடுத்தபின், துண்டு உடைந்திருக்கிறதா என்று பொருளைச் சரிபார்த்து, கேமராவை இன்னொரு முறை விடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, பெல்ட் சுற்றியிருக்கும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது இடித்தால் அழுத்தாதீர்கள். அப்படியே நிறுத்திவிட்டு மறுபடி கேமரா. இடிக்காமல் சுற்றினால் பிளக்குகளைக் கையாலேயே மரை ஏற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்கலாம்.