டிசைன் திங்கிங் ப்ராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனரைக் கவனித்துப் பிரச்சினையைப் புரிந்துகொண்டு, யோசனைகளை எளிய மாதிரிகளாகச் செய்து சோதிக்கும் முறைதான் டிசைன் திங்கிங். ஆனால் இந்த ப்ராஜெக்ட் செய்யும் குழுக்களில் பல, விடையை முடிவுசெய்துகொண்டுதான் களத்துக்கே போகின்றன. 'மெஸ்ஸுக்கு பார்சல் ஆப்' என்று தலைப்பு வைத்தவுடன் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டுப்போகும். 'மதியம் பார்சல் வாங்க வருபவர் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார்?' என்று வைத்துப் பாருங்கள். விடை ஆப்பாகவும் இருக்கலாம், சாம்பார் கட்டும் மேஜையை இடம் மாற்றுவதாகவும் இருக்கலாம்.

2007இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் குழு ஒன்றுக்குக் கிடைத்த வேலை, குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரைக் குறைந்த விலையில் செய்வது. நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான், ஆபத்தில் இருந்த குழந்தைகளில் பலர் மருத்துவமனைக்கு வெகு தொலைவில், கிராமத்து வீடுகளில் பிறக்கிறார்கள் என்பது புரிந்தது. கேள்வியே மாறியது. மெழுகு போன்ற பொருளைச் சூடாக்கி உள்ளே வைத்தால், மின் இணைப்பு இல்லாமலே சில மணி நேரம் 37 டிகிரி வெப்பம் தரும், குழந்தையைச் சுற்றி வைக்கும் சிறு பை அப்படித்தான் உருவானது. எம்ப்ரேஸ் என்று அதற்குப் பெயர்.

அடுத்த தவறு, கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு ஆய்வு முடிந்தது என்று நினைப்பது. கோவை அருணாச்சலம் முருகானந்தம் தான் செய்த குறைந்த விலை சானிட்டரி நாப்கினைச் சோதிக்க மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கருத்துப் படிவம் கொடுத்தார். எல்லாருடைய படிவத்தையும் ஒரு சிலரே உட்கார்ந்து நிரப்புவதைப் பிறகு கண்டுபிடித்தார். அந்தத் தகவலை நம்பிப் பொருளை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே முதலில் அந்த மெஸ்ஸில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கேட்டதிலிருந்து பில் வரை, பில்லிலிருந்து கட்டத் தொடங்கும் வரை, கட்டி முடித்துக் கையில் கொடுக்கும் வரை என்று மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் குறியுங்கள். 20 வாடிக்கையாளர்களுக்குக் குறித்தாலே நெரிசல் எங்கே என்று தெரியத் தொடங்கும். அதன்பின் ஐந்தாறு பேரிடம் பேசுங்கள். இருவராகப் போங்கள், ஒருவர் பேச, மற்றவர் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும். 'ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டால் மரியாதைக்காவது 'ஆமாம்' என்பார்கள். 'கடைசியாக எப்போது பார்சல் வாங்கினீர்கள்? உள்ளே வந்ததிலிருந்து என்ன நடந்தது?' என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஊகத்துக்கு இடம் குறைவு. காத்திருந்து பொறுமையிழந்து திரும்பிப் போனவர் ஒருவரையாவது பிடியுங்கள். அவர்தான் முக்கியம்.

யோசனை கட்டத்தில் உடனே விவாதம் தொடங்கினால் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். பத்து நிமிடம் பேசாமல் கட்டத்துக்கு ஒரு யோசனை என்று ஒவ்வொருவரும் வரையட்டும், பேச்சு பிறகு.

மாதிரியை அழகாகச் செய்வதில்தான் அதிக நேரம் வீணாகிறது. மூன்று வாரம் உழைத்துச் செய்ததை யாருக்கும் தூக்கிப்போட மனம் வராது, பார்ப்பவரும் குறை சொல்லத் தயங்குவார். இரண்டு மணி நேரத்தில் முடிவதை மட்டும் செய்யுங்கள். டோக்கன் முறையைச் சோதிக்க 1 முதல் 50 வரை எண் எழுதிய அட்டைகளும், நடப்பு எண்ணைக் காட்ட ஒரு வெள்ளைப் பலகையும் போதும். ஆப் என்றால் ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்து, பயனர் விரல் வைத்ததும் அடுத்த தாளை எடுத்து வையுங்கள்.

சோதனையின்போது வாய் திறக்காதீர்கள். 'இதை அழுத்துங்கள்' என்று ஒருமுறை சொல்லிவிட்டாலே அந்தச் சோதனை பயனற்றது. 'இரண்டு சாப்பாடு பார்சல் வாங்குங்கள்' என்று வேலை கொடுத்துவிட்டு, எங்கே தயங்குகிறார் என்று கவனியுங்கள். ஐந்து பேருக்குப் பின் ஒரே ஒரு மாற்றம் செய்து, வேறு ஐந்து பேரிடம் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. என்ன நடந்தால் இந்த யோசனையைக் கைவிடுவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள்.

கல்லாவில் இருப்பவரையும் பொட்டலம் கட்டுபவரையும் கேட்காமல் விடுவது, தொழில் சார்ந்த ப்ராஜெக்டுகளில் மிகப் பெரிய ஓட்டை. டோக்கனால் வரிசை குறைந்தாலும், மதிய நேரத்தில் அதைக் கொடுக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தால், அந்தச் சம்பளத்துக்கு எத்தனை சாப்பாடு கூடுதலாக விற்க வேண்டும் என்பதை முதலாளியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.