‘டென் கப்ஸ்’ என்னும்போது நாக்கு எங்கே போகிறது?

மாலை வேளைகளில் வீட்டு மாடியில் ஆங்கில உச்சரிப்பு சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் முதலில் ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் கேட்பேன்: ‘மரங்கள்’. மரத்தின் ‘ம்’ ஏன் ‘ங்’ ஆனது? அடுத்து ‘க’ வருகிறது என்று நாக்கின் பின்பகுதி முன்கூட்டியே எழும்பிவிடுகிறது. ஆங்கில மெய்களும் பக்கத்து ஒலிக்கு இப்படி இடம் கொடுக்கின்றன. அங்கே எழுத்து அதைக் காட்டாது, அவ்வளவுதான்.

‘டென்’ என்று சொல்லி, கடைசி ஒலியில் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் இருக்கும். இப்போது பத்தாவது என்னும் பொருளில் ‘டென்த்’ சொல்லுங்கள். நுனி பல்லுக்கே வந்துவிடும். முன்னது ‘மான்’ என்பதன் ‘ன்’; பின்னது ‘பந்து’வின் ‘ந்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நமக்குத் தனித்தனி எழுத்தே இருப்பதால் காதும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ‘டென் கப்ஸ்’. வேகமாகச் சொன்னால் ‘டெங் கப்ஸ்’ ஆகும். ‘டென் பவுண்ட்ஸ்’, ‘டெம் பவுண்ட்ஸ்’ ஆகும். நிதானமாகச் சொல்லும்போது ‘ன்’ அப்படியே நிற்கலாம், அதில் பிழையில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் படித்த செவிலியர் ஒருவர் ‘டென்னு கப்ஸு’ என்பார். சொல்லின் இறுதியில் நாம் ஒட்டும் அந்த உகரம் இரண்டு மெய்களுக்கும் நடுவே சுவராக நின்றுவிடுகிறது. ஒன்றையொன்று தொட வழியில்லை. ‘ன்’ சொல்லும்போதே ‘க’வுக்கு நாக்கைத் தயார் செய்யச் சொன்னேன். நான்கு நாளில் உகரம் உதிர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மரங்கள்’ பழக்கத்தில் ‘சம் கப்ஸ்’ என்பதை ‘சங் கப்ஸ்’ ஆக்கிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் சொல்லிறுதி ‘ம்’ பொதுவாக அசையாது. வளைந்து கொடுப்பவை நாக்கு நுனியில் பிறக்கும் ‘ன்’, ‘ட்’ போன்றவையே.

உயிரெழுத்தும் மெய்யை மாற்றும். கண்ணாடி முன் நின்று ‘கீ’, ‘கூல்’ என்று சொல்லுங்கள். ‘கூல்’ சொல்லும்போது ஒலி எழும் முன்பே உதடு குவிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ‘கீ’யில் நாக்கு அண்ணத்தில் சற்று முன்னால் தொடும்.

வீட்டில் பழக மூன்று தொடர்கள்: ‘இன் பாரிஸ்’, ‘கிரீன் பேக்’, ‘ஒன் கப்’. கைப்பேசியில் பதிவு செய்து, எதில் ‘ம்’ கேட்கிறது, எதில் ‘ங்’ கேட்கிறது என்று தாளில் குறியுங்கள்.