ஏர்பேக் லைட் எரிந்தால் உடனே மாட்யூலை மாற்றாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், ஏர்பேக் லைட் எரிகிறது என்று வரும் வண்டிகள் கூடிவிடும். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். ஃபியூஸ் போனது, பேட்டரி இறங்கியது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கோடு வந்ததும் பார்ட் ஆர்டர் போடுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் 'டிரைவர் சைடு ஏர்பேக், ரெசிஸ்டன்ஸ் அதிகம்' என்று ஒரு கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வரும். உடனே ஏர்பேக் போச்சு, இல்லையென்றால் மாட்யூல் (ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்பது மட்டும்தான் கோடு சொல்லும் சேதி. ஏர்பேக்கா, வயரா, கனெக்டரா என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸே பெரும்பாலும் 2, 3 ஓம்தான். கனெக்டர் பின்னில் கொஞ்சம் பச்சைக் களிம்பு பூத்தாலும் அளவு ஏறிவிடும், லைட் எரிந்துவிடும்.

கோத்தகிரிக்காரர் ஒருவர் சமவெளியில் ஓரிடத்தில் மாட்யூலையே மாற்றி, கோடிங்கும் போட்டு, பெரிய பில்லோடு வந்தார். "மலையேறுறப்ப குஞ்சப்பனை தாண்டுறதுக்குள்ள திரும்ப எரிஞ்சிடுச்சுண்ணே" என்றார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி டார்ச் அடித்தேன். தரைவிரிப்பு சொதசொதவென்று ஈரம். நனைந்த குடையைச் சீட்டுக்கு அடியில் போடுவது அவர் வழக்கம். அங்கே இருக்கும் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைக் கழற்றினால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் பச்சை. மேலோட்டமாகத்தான் இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, 'டிக்'கென்று லாக் விழும்வரை அழுத்தினேன். கோடை அழித்ததும் லைட் அணைந்தது, திரும்ப வரவில்லை. பின் அரித்துப்போயிருந்தால் அந்த டெர்மினலை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதற்குப்போய் ஒரு மாட்யூல் காசு! மனுஷர் சம்பாதித்த பணம் அது.

ஏர்பேக்கில் மல்டிமீட்டர் வைப்பது

வைக்கவே வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டுக்கே பை வெடித்துத் திறக்க வாய்ப்புண்டு. ஏர்பேக்குக்குப் பதிலாக, மேனுவல் சொல்லும் அளவில், சுமார் 2 ஓம் டம்மி ரெசிஸ்டரை மாட்டிப் பாருங்கள். கோடு போய்விட்டால் கோளாறு ஏர்பேக் பக்கம். போகாவிட்டால் வயரிங் பக்கம், அல்லது கடைசியாக மாட்யூல். இன்னொன்று: மஞ்சள் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஒரு தகடு இரண்டு பின்னையும் சேர்த்துவிடும், தவறி வெடிக்காமல் இருக்க. இது தெரியாமல் வயரை அளந்துவிட்டு ஷார்ட் என்று தேடி அலைகிறார்கள்.

பேட்டரியைக் கழற்றிய கையோடு கனெக்டரைத் தொடுவது

மாட்யூலுக்குள் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சில வண்டிக்கு 90 விநாடி, சிலவற்றுக்குப் பல நிமிஷம். மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள்.

கிளாக் ஸ்பிரிங்கை நடு பார்க்காமல் மாட்டுவது

வளைவில் திருப்பும்போது லைட் வந்து, ஹாரனும் சேர்ந்து அடிக்காமல் போனால் சந்தேகம் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் மேல், அதாவது ஸ்டியரிங் திரும்பினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் இணைப்பு விடாமல் வைத்திருக்கும் சுருள் ரிப்பன் மேல். புதியதை மாட்டும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஸ்பிரிங்கும் நடுவில் நிற்க வேண்டும். தள்ளி மாட்டினால் முழுசாக ஒடிக்கும்போது உள்ளே இருக்கும் ரிப்பன் அறுந்துவிடும். சமவெளியில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் தாங்காது.

இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் ஸ்கேனர்

ஏர்பேக் கோளாறைப் பார்க்க இது உதவாது.

லைட்டே எரியாத வண்டி

சாவியைத் திருப்பியதும் லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். பழைய வண்டிகளை விற்பவர்கள் சிலர் பல்பைப் பிடுங்கிவிடுகிறார்கள், டேப் ஒட்டி மறைக்கிறார்கள். டாஷ்போர்டு மீட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, மாட்யூலில் பதிந்திருக்கும் கோடையும் படித்துவிட்டுத்தான் அந்த வண்டியை வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும்.