மெட்ரோவிலேயே டெல்லி: முதல்முறை போகிறவர்களுக்கு

1. மேப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் காலண்டர். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளி. அதனால்தான் ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளியன்று ஓடாது. பயணத்தில் திங்கள் வந்தால் அன்று குதுப்மினார், ஹுமாயூன் சமாதி என்று போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வார விடுமுறை இல்லை. சுதந்திர தினத்துக்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். மாதம் என்றால் பிப்ரவரிதான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி, ரயில் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. நவம்பரில் காற்று மோசம்.

2. புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கியதும் எந்தப் பக்கம் வெளியேறுவது? பலர் தடுமாறும் இடம் இது. முதல் பிளாட்பாரப் பக்கம் பஹார்கஞ்ச். 16ஆம் பிளாட்பாரப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். மஞ்சள் லைன், ஏர்போர்ட் லைன் இரண்டுமே. நடைமேம்பாலம் ஏறியதும் பிளாட்பார எண் கூடிக்கொண்டே போகும் திசையில் நடங்கள். "மெட்ரோ இன்னைக்கு இல்ல", "டிக்கெட் ஆபீஸ் மாறிடுச்சு" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டு ஒருவர் கூடவே வருவார். நிற்காதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள்.

3. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள். ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது. கட்டணத்தில் 10 சதவீதம் குறையும், நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னும் 10. கியூஆர் டிக்கெட்டும் உண்டுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று நாள் சுற்றுகிறவர்களுக்குக் கார்டே மேல். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. ஆண்கள் ஏறினால் அபராதம். குடும்பமாகப் போனால் இரண்டாவது பெட்டியிலிருந்து ஏறுங்கள். பையை ஸ்கேன் செய்வார்கள், பழம் நறுக்கும் கத்தியை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

4. இடங்களை லைன்படி அடுக்குங்கள்.

மஞ்சள் லைன் நாள்: காலையில் முதலில் குதுப்மினார். ஸ்டேஷன் பெயரை நம்பி நடக்கத் தொடங்காதீர்கள், கோபுரம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், ஆட்டோ வேண்டும். 73 மீட்டர் கோபுரத்தின் உள்ளே ஏற முடியாது, 1981 விபத்துக்குப் பிறகு மூடியதுதான். அதே லைனில் திரும்பி ஜோர் பாக்கில் இறங்கினால் லோதி தோட்டம், கட்டணமில்லை. அங்கிருந்து ஆட்டோவில் ஹுமாயூன் சமாதி. குதுப், ஹுமாயூன் டிக்கெட்டுகளை ஆன்லைனில் எடுத்தால் 35 ரூபாய், கவுண்டரில் 40. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

வயலட் லைன் நாள்: லால் கிலா ஸ்டேஷனில் இறங்கிச் செங்கோட்டை, பிறகு சாந்தினி சவுக். பகலில் அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. நடை, இல்லாவிட்டால் சைக்கிள் ரிக்‌ஷா. ஏறும் முன்பே கூலி பேசுங்கள், "தலைக்கா, வண்டிக்கா" என்பதையும் சேர்த்து. ஜும்மா மசூதிக்குத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். மாலையில் ஜாமா மஸ்ஜித் ஸ்டேஷனில் ஏறினால் மாறாமலே சென்ட்ரல் செக்ரடேரியட். கர்தவ்ய பாதையில் இரண்டு கிலோமீட்டர் போல நடந்தால் இந்தியா கேட். விளக்கு போட்ட பிறகுதான் அழகு.

5. அக்ஷர்தாம். நீல லைன் யமுனா பேங்கில் இரண்டாகப் பிரிகிறது. வைஷாலி ரயிலில் ஏறினால் வேறு கிளைக்குப் போய்விடும். நொய்டா எலக்ட்ரானிக் சிட்டி என்று போர்டு போட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். தவறி ஏறிவிட்டால் யமுனா பேங்கிலேயே இறங்கி மாறலாம். நீல லைனைப் பிடிக்க எல்லோரும் ராஜீவ் சவுக்குக்குப் போகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அந்த நெரிசலில் பிள்ளைகளோடு மாறுவது வேண்டாத வேலை. வயலட்டில் வந்து மண்டி ஹவுஸில் மாறுங்கள். கோவிலுக்குள் போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் கூடாது. காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். போன் இல்லாமல் பிரிந்தால் தேடுவது கஷ்டம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாசலிலேயே பேசி வையுங்கள். யாராவது ஒருவர் கையில் சாதாரணக் கடிகாரம் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: விமானத்தில் வருகிறவர்கள் டெர்மினலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன் டெர்மினல் 3இல்தான். டெர்மினல் 1இல் இறங்கினால் மெஜந்தா லைன், ஹவுஸ் காஸில் மஞ்சளுக்கு மாற வேண்டும்.