சராசரியை நம்பியிருந்தால் மாட்டியிருப்பேன்

2022-இல், கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் மெல்ல அலுவலகம் திரும்பியபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு இடம் திட்டமிடுவது என் பொறுப்பு. நுழைவு அட்டைப் பதிவைப் பார்த்தால் சராசரியாகப் பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. சரி, ஒரு தளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நல்லவேளை, கடிதம் அனுப்பும் முன் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காற்று வாங்கியது. செவ்வாய், புதனிலோ இடமில்லாமல் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள்! சராசரி காலி இடத்தைத்தான் காட்டியது; நெரிசல் உச்ச நாளில்தான் தெரிந்தது.

குழுத் தலைவர்களிடம் கெஞ்சி, இரண்டு குழுக்களைத் திங்களுக்கும் வியாழனுக்கும் நகர்த்தினேன். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் ஒரு வாரம் தளத்தில் சும்மா நடந்து பார்த்தேன். பன்னிரண்டு பேர் அமரும் அறையில் ஒரே ஆள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ அழைப்பில். அட்டைப் பதிவு இதையெல்லாம் சொல்லாது. அந்த அறையைத் தடுத்து நான்கு சின்ன அறைகளாக்கினோம்.

தளத்தையும் ஒப்படைத்தோம், ஆனால் லாக்-இன் காலம், அதாவது ஒப்பந்தப்படி இடையில் காலி செய்ய முடியாத காலம், முடிந்த பிறகுதான். மீதித் தளங்களுக்குப் புது ஒப்பந்தம் போடும்போது லாக்-இன்னைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். வாடகை சற்றுக் கூடியது, பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் அப்படியேதான். அன்று ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏசி போடுகிறோம்.