நம் காதில் விழாத பெயர்கள்: அமெரிக்க சொராரிட்டிகளை அறிந்துகொள்வது எப்படி

2020 ஆகஸ்ட் 19 அன்று கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது "சித்தி" என்றார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் மறுநாள் முழுக்க அதே பேச்சுதான். கொஞ்சம் தள்ளி, அதே பேச்சில், இவர்களும் என் குடும்பம் என்று, தான் கல்லூரியில் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் சங்கமான ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் சொன்னார். அது நம்மில் பலர் காதில் விழவே இல்லை. கறுப்பினக் குடும்பங்களில் கைதட்டல் எழுந்தது அந்த இடத்தில்தான். எது காதில் விழும், எது விழாது என்பதை நாம் வளர்ந்த வீடும் தெருவும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன.

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மகள் ஒருநாள் சொராரிட்டி, அதாவது கல்லூரிப் பெண்கள் சேரும் சங்கம், என்று பேச்செடுப்பாள். அன்றைக்கு நமக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை, உங்களுக்கு இப்போது தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடு, ஒரே மாதிரி உடுத்திய பெண்கள், பார்ட்டி. என் தாளில் இவ்வளவுதான் இருந்தது, எல்லாமே சினிமாவில் பார்த்தது. அதில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை என்பதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அப்புறம் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய நான்கு சொராரிட்டிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908, வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம், நிறம் இளஞ்சிவப்பும் பச்சையும். டெல்டா சிக்மா தீட்டா, 1913, அதே ஹோவர்ட், சிவப்பும் கிரீமும். ஸீட்டா ஃபை பீட்டா, 1920, அதுவும் ஹோவர்ட், நீலமும் வெள்ளையும். சிக்மா காமா ரோ மட்டும் 1922இல் இண்டியானாபொலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழகத்தில், ஏழு பள்ளி ஆசிரியைகள் சேர்ந்து தொடங்கியது, நிறம் நீலமும் தங்கமும். இந்த நான்கையும் கறுப்பின ஆண்களின் ஐந்து அமைப்புகளையும் சேர்த்துத்தான் "டிவைன் நைன்" என்கிறார்கள்.

பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், ஏன் தொடங்கினார்கள் என்பதையும் படியுங்கள். வெள்ளைக்காரச் சங்கங்களின் கதவு கறுப்பினப் பெண்களுக்கு மூடியிருந்த காலம் அது, ஆனால் கதவு மூடியிருந்ததால் மட்டும் பிறந்த அமைப்புகள் அல்ல இவை. டெல்டாவைத் தொடங்கிய 22 மாணவிகள் முதன்முதலாகப் பொதுவெளியில் செய்த காரியம், 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்துபோனது. 1935இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைப் பருத்தித் தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் போடப் போனார்கள். தொழிலாளர்கள் முகாமுக்கு வருவதை நில முதலாளிகள் தடுத்தபோது, கார்களிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு வயலுக்கே போய்விட்டார்கள். பல கோடைகள் அது தொடர்ந்தது. இதைப் படித்த பிறகு "கல்லூரிப் பெண்கள் கிளப்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று முக்கியம். இந்தச் சொராரிட்டிகளில் சேர்ந்தவர்களுக்கு அது படிப்போடு முடிவதில்லை, ஆயுள் முழுக்க உண்டு. பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஊருக்கு ஊர் தனிக் கிளைகள் இருக்கின்றன. அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பார்கள், வாக்காளர் பதிவு முகாம் நடத்துவார்கள், உறுப்பினர் ஒருவர் இறந்தால் வந்து நின்று அவருக்கென்று ஒரு சடங்கு செய்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பெண்ணுக்கு அம்மாவின் ஜாக்கெட் நிறமும் சர்ச்சில் அத்தை உட்காரும் வரிசையும் சிறுவயதிலேயே பாடம், யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. தென் மாநில வெள்ளைக் குடும்பங்களிலும் இப்படி ஒரு தொடர்ச்சி உண்டு, அம்மா இருந்த சங்கம், சிபாரிசுக் கடிதம் என்று. ஆனால் அதே தொடர்ச்சி வேலியாகவும் இருந்திருக்கிறது. 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் வெள்ளைச் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை ஒதுக்குவதை மாணவர் பத்திரிகையே வெளியில் கொண்டுவந்த பிறகுதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது.

அடுத்து, உங்களைச் சுற்றிப் பாருங்கள். நான் மேரிலாந்தில் இருக்கிறேன். அலுவலகத்தில் என்னைவிட மூத்த ஓர் அம்மா, ஒவ்வொரு ஜனவரி 13ஆம் தேதியும் சிவப்பில் வருவார், மேசை நிறைய யானைப் பொம்மைகள். யானை பிடிக்கும்போல என்று நினைத்து ஊரிலிருந்து ஒரு மர யானை வாங்கிவந்து கொடுத்தேன். அவர் கண் கலங்கியது எனக்குப் புரியவில்லை. ஜனவரி 13 டெல்டா பிறந்த நாள் என்பதும், யானை அவர்கள் அன்போடு வைத்திருக்கும் அடையாளம் என்பதும், அவருடைய அம்மாவும் டெல்டாதான் என்பதும் ஆறு வருடம் கழித்துத் தெரிந்தது. கார் நம்பர் பலகை, கழுத்து முத்துமாலை, கோட்டில் குத்திய பேட்ஜ், எல்லாவற்றிலும் சேதி இருக்கிறது.

கேட்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். "எந்தக் கிளையில், எந்த வருடம் சேர்ந்தீர்கள்?" என்று கேளுங்கள், முகம் மலர்ந்து பருவத்தோடு சேர்த்து, ஸ்பிரிங் 88 என்கிற மாதிரி பதில் வரும். உள் சடங்குகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களுடைய எழுத்துகள் போட்ட சட்டையை வாங்கி மாட்டாதீர்கள், கை அடையாளத்தையும் கூவலையும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். அவர்கள் வரிசையாக ஆடிக்கொண்டே வரும்போது நடுவில் புகுந்து போகாதீர்கள், அது பெரிய அவமரியாதை.

சரி, மகளே சேர ஆசைப்பட்டால்? தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் இருக்கும் சொராரிட்டிகளுக்குப் பல கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் முன்னரே "ரஷ்" எனப்படும் சேர்க்கை நடக்கும், சில நாட்களில் முடிவு தெரிந்துவிடும். கறுப்பினச் சொராரிட்டிகளில் அப்படி இல்லை. முதல் பருவ மாணவிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை, மதிப்பெண்ணும் சேவையும் பார்ப்பார்கள், ஒவ்வொரு வருடமும் சேர்க்கை நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆசை இருந்தால் ஊரெல்லாம் சொல்லாமல், அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் போய் வேலை செய்ய வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. வேறு இனத்தவர் சேரக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் அந்த வரலாற்றைத் தன் தோளில் சுமக்கத் தயாரா என்று மகள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். தெற்காசியப் பெண்களுக்கென்றும் சொராரிட்டிகள் உண்டு: டெக்சாஸில் காப்பா ஃபை காமாவும் டெல்டா ஃபை ஒமேகாவும், நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோவும், மூன்றுமே 1998இல் பிறந்தவை.

எந்தச் சங்கமானாலும் ஒன்றை மட்டும் மகளிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள். அடி, தூக்கமில்லாமல் வைத்திருப்பது, ரகசியமாகப் பணம் கறப்பது, இதெல்லாம் எந்தச் சொராரிட்டியின் விதியிலும் கிடையாது. நடந்தால் உடனே வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும், நாம் திட்டாமல் கேட்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கறுப்பினப் பல்கலைக்கழகம் எதிலாவது ஹோம்கமிங் என்னும் பழைய மாணவர் விழா நடக்கும்போது குடும்பத்தோடு போய்வாருங்கள். எங்களுக்கு ஹோவர்டும் போவி ஸ்டேட்டும் பக்கம். இந்தச் சங்கங்களுக்குப் பல வளாகங்களில் பெரிய வீடு இருக்காது, தங்கள் நிறம் பூசிய ஒரு பெஞ்சும் மரத்தடியும்தான் இருக்கும், அதை ப்ளாட் என்பார்கள். எழுபது வயதுப் பாட்டியும் இருபது வயதுப் பெண்ணும் அங்கே ஒரே நிறத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெஞ்சில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், மகளுக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால் அந்தப் பாட்டியிடம் அவளே போய்க் கேட்கட்டும்.