ஒலிம்பியா நீர்மாடம்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒலிம்பிக் தீபம் ஏற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில், ஹீரா கோயிலின் முன்னால் அது நடக்கும். அங்கே போகிறவர்கள் அந்த இடத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, பக்கத்தில் குரோனோஸ் குன்றின் அடிவாரத்தில் அரைவட்டமாக நிற்கும் செங்கல் இடிபாட்டைக் கவனிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். அதுதான் நிம்ஃபேயம், அதாவது நீர்மாடம்: மக்கள் தண்ணீர் பிடிக்கக் கட்டிய அலங்காரத் தொட்டி மண்டபம். அதைத் தவறவிடுவதுதான் முதல் தவறு.

செங்கல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்ட சுவர்போலத் தெரியும். உண்மையில் இது ரோமானியர் காலத்துக் கட்டுமான முறை. செங்கல் சுவரின் மேல் பளிங்குப் பலகை பதித்திருந்தார்கள், அது போய்விட்டது. இரண்டு அடுக்கு மாடங்களில் ரோமப் பேரரசர் குடும்பத்தின் சிலைகளும், கட்டியவர் குடும்பத்தின் சிலைகளும் நின்றன.

காலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் ஒலிம்பிக் போட்டி என்று சொல்லப்படும் கி.மு. 776-க்கும் இதற்கும் 900 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இது எழுந்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில். கட்டியவர் ஹெரோடிஸ் அட்டிகஸ் என்ற பெரும் செல்வந்தர். பைபிளில் வரும் ஏரோது அரசன் வேறு, இவர் வேறு. ஏதென்ஸில் இவர் பெயரில் இருக்கும் கல் அரங்கமும் இதுவும் ஒன்றல்ல.

சரி, இது வெறும் அலங்காரம் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. போட்டிகள் நடந்தது கொளுத்தும் கோடையில். பெருங்கூட்டம் கூடும், குடிக்க நல்ல தண்ணீருக்குப் பெரும்பாடு. சுமார் 4 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதலில் அரைவட்டத் தொட்டி நிரம்பும். அங்கிருந்து சிங்கமுகத் தூம்புகள் வழியாகச் சுமார் 22 மீட்டர் நீளமுள்ள கீழ்த் தொட்டியில் கொட்டும். அந்த இரண்டு தொட்டிகளையும் மேலிருந்து கீழாகத் தேடிப் பாருங்கள். தண்ணீர் போன வழி பிடிபட்டால் இடிபாடு முழுவதும் புரிந்துவிடும்.

அந்தத் தண்ணீருக்கும் ஓர் எதிர்ப்பாளர் இருந்தார். பெரெக்ரினஸ் என்ற தத்துவவாதி, 'இது கிரேக்கர்களைச் சொகுசுக்காரர்களாக்கிவிடும், தாகத்தைத் தாங்கப் பழகட்டும்' என்ற பொருளில் பேசினாராம். அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டே பேசினார் என்று அக்கால எழுத்தாளர் லூசியன் எழுதியிருக்கிறார். கூட்டம் கல்லெறிய வந்ததும் கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜீயஸின் சந்நிதியில் ஓடி ஒளிந்தார்; அடுத்த போட்டிக்கு வந்தபோது ஹெரோடிஸைப் புகழ்ந்து பேசினார். ஒலிம்பியாவைக் கல் கல்லாக விவரித்த பயண எழுத்தாளர் பௌசானியஸோ இந்த நீர்மாடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவரை மட்டும் நம்பிப் போனாலும் இதைத் தவறவிடுவீர்கள்.

அப்புறம், இடிபாட்டோடு திரும்பிவிடாதீர்கள். சிலைகள் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே தலையில்லாத ரோமப் பிரபுக்களைவிட ஒரு பளிங்குக் காளைதான் முக்கியம். தொட்டியில் நின்ற காளை அது. அதன் விலாவில், தானியத் தெய்வம் டெமீட்டரின் பூசாரியான ரெஜில்லா இந்தத் தண்ணீரையும் அதைச் சார்ந்தவற்றையும் ஜீயஸுக்குக் காணிக்கையாக்கினார் என்று பொறித்திருக்கிறது. ரெஜில்லா ஹெரோடிஸின் மனைவி. கணவர் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை. 'ஹெரோடிஸ் கட்டியது' என்று மட்டும் சொல்லி முடிப்பது எவ்வளவு குறையானது என்று அங்கே நின்றால் தெரியும். மணமான பெண்கள் ஒலிம்பிக் போட்டியைப் பார்க்கக் கூடாது என்பது விதி. டெமீட்டரின் பூசாரிக்கு மட்டும் அதில் விலக்கு; ஓட்டக்களத்தின் ஓரத்தில், வெள்ளைப் பளிங்குப் பலிபீடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த இடத்தில் உட்காரும் உரிமை பெற்றவர் கொடுத்த தண்ணீர் இது.